பாட்டுக்குள் இருக்கும் கயிறு

ஆறு பாட்டு வேண்டும் என்றார் எங்கள் இசை இயக்குநர். கோடையில் ஒரு மாலை, பிரிஸ்டல் துறைமுகக் கரையில், திறந்த வெளியில், 25 நிமிட நிகழ்ச்சி. முழுக்கப் பழைய கப்பல் வேலைப் பாட்டுகள், அதாவது ஷாண்டிகள். தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மூன்று பேரிடம் விட்டார். அவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் சேர்ந்திசைக் குழுவில் 35 பேர். ஆல்ட்டோ வரிசையில் நான் நிற்கத் தொடங்கிப் பதினொரு வருடமாகிறது. இவ்வளவு காலத்தில் தேர்வு என்பது எனக்கு ஒருபோதும் கஷ்டமாக இருந்ததில்லை. குரலுக்குப் பொருந்துகிறதா, ஒத்திகைக்குள் படித்துவிட முடியுமா, கேட்பவர்களுக்குப் பிடிக்குமா என்று பார்த்தால் போதும்.

முதல் வாரம், எல்லோருக்கும் ஓரளவு தெரிந்த 'ஹால் அவே ஜோ'வை எடுத்தோம். நான்கு குரல் பிரித்து எழுதிய சுரப்பிரதி கையில் இருந்தது. சொப்ரானோ மேலே மிதக்க, பேஸ் அடியில் நிரவ, கடைசி அடியை நீட்டி மெலிய விட்டு முடித்தோம். குழைவாக வந்தது. பேஸ் வரிசையில் ஒரு முதியவர் இருக்கிறார். இளமையில் சரக்குக் கப்பலில் வேலை செய்தவர். அவர் தாளை மடித்துக்கொண்டே சொன்னார்: "நன்றாக இருக்கிறது. ஆனால் இப்படிப் பாடினால் பாய் ஓர் அங்குலம்கூட ஏறாது."

அந்த ஒரு வார்த்தை எனக்கு இரண்டு மாத வேலை வைத்தது.

ஷாண்டி 19ஆம் நூற்றாண்டு வணிகக் கப்பலின் பாட்டு. போர்க்கப்பலில் ஆட்கள் ஏராளம். அங்கே வேலை மௌனமாக, ஊதலுக்கும் உத்தரவுக்கும் கட்டுப்பட்டு நடந்தது. வணிகக் கப்பல் முதலாளிகளோ கூலியை மிச்சம் பிடிக்க ஆட்களைக் குறைத்தார்கள். இருக்கிற சில கைகள் பெரிய பாரத்தை நகர்த்த வேண்டுமென்றால் அவை ஒரே கணத்தில் இழுக்க வேண்டும். அந்தக் கணத்தைச் சொல்வதற்குத்தான் பாட்டு.

மேற்பாயை ஏற்றும் வேலையை எடுத்துக்கொள்வோம். பாய் தொங்கும் குறுக்குமரத்தை நம் பழைய கடலோடிகள் பருமல் என்றார்கள். பெரிய கப்பலில் அது முழு மரம். பாயும் இரும்பும் சேர்ந்து அத்தனை கனம். கப்பி வழியாக இறங்கும் கயிற்றை ஆட்கள் வரிசையாகப் பிடித்து நிற்கிறார்கள். ஷாண்டிக்காரர் ஒற்றைக் குரலில் ஓர் அடி எடுக்கிறார். அந்த அடி ஓடும்போது யாரும் இழுப்பதில்லை. மூச்சு வாங்கவும், கயிற்றில் கையை முன்னே நகர்த்திப் பிடிக்கவும், காலை ஊன்றவும் அந்த நேரம். அடுத்தது எல்லோரும் சேரும் அடி. அதில் இரண்டு இடத்தில் அழுத்தம் விழும். இரண்டிலும் எல்லா உடம்பும் ஒன்றாகப் பின்னே சாயும். பருமல் கொஞ்சம் ஏறும். மறுபடி ஒற்றைக் குரல், மறுபடி மூச்சு.

இதைப் புரிந்துகொண்டபோது எங்கள் சுரப்பிரதி தலைகீழாக இருப்பது தெரிந்தது. தனிக்குரல் அடியில்தான் நாங்கள் உணர்ச்சியைக் கொட்டினோம். அது ஓய்வின் இடம். கூட்டு அடியைத் தடவிக் கொடுத்தோம். அது முதுகெலும்பு நெளியும் இடம். முடிவோ அதைவிடக் குழப்பம். ஏனென்றால் இந்த வகைப் பாட்டுக்கு முடிவு என்று ஒன்று கிடையாது. பருமல் உரிய உயரத்துக்கு வந்ததும் மேற்பார்வையாளன் நிறுத்தச் சொல்லிக் கத்துவான். பாட்டு எந்தச் சொல்லில் நிற்கிறதோ அங்கேயே அறுந்துபோகும். ஷாண்டிக்காரர் வரப்போகும் வரியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வார். கதை பாதியில் நின்றால் யாருக்கும் குறையில்லை, பாய் ஏறிவிட்டது.

வேலைக்கு வேலை பாட்டும் வேறு. நங்கூரம் தூக்கும் கப்ஸ்டனில் தடிகளைத் தள்ளிக்கொண்டு வட்டமாக நடப்பார்கள். அங்கே வெட்டி இழுக்கும் தேவை இல்லை, காலடி மட்டும் சீராக விழ வேண்டும். அதனால் 'ரியோ கிராண்டே', 'ஷெனான்டோவா' போன்றவற்றில் கூட்டு அடிகள் நீண்டு அகலமாக விரிகின்றன; சேர்ந்திசைக் குழுக்கள் இவற்றை விரும்புவதில் வியப்பில்லை. கயிற்றைப் பிடித்தபடி தளத்தில் காலை உதைத்து ஓடும் வேலைக்கு 'ட்ரங்கன் செய்லர்'. பம்புக்குத் தனிப்பாட்டுகள் உண்டு. எல்லாவற்றிலும் என்னை உட்காரவைத்தது 'பேடி டாயில்ஸ் பூட்ஸ்' என்ற மிகச் சிறிய பாட்டு. சுருட்டிய பாயைக் கடைசியாகப் பருமல்மேல் தூக்கி வைக்கும்போது பாடுவது. ஆட்கள் உயரத்தில், காலடியில் ஒரு கயிறு மட்டும் துணையாக, வயிற்றைப் பருமலில் அழுத்திக் குனிந்திருப்பார்கள். நனைந்த பாய் தகடுபோல விறைத்திருக்கும். எல்லோரும் சேர்ந்து பாடி, அடியின் கடைசிச் சொல்லில் ஒரே ஒரு இழுப்பு. முழுப் பாட்டும் அந்த ஒரு சொல்லுக்கான முன்னேற்பாடு. மூச்சுவிடும் நேரத்தில் முடிந்துபோகும். எங்கள் பட்டியலில் முதலில் உறுதியானது இதுதான். இதை அழகுபடுத்த இடமே இல்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ரிச்சர்ட் ஹென்றி டேனா பாஸ்டனிலிருந்து கலிபோர்னியாக் கரைக்குத் தோல் ஏற்றப் போன கப்பலில் சாதாரண மாலுமியாக இருந்தவர். 1840இல் வெளிவந்த தன் புத்தகத்தில் ஒன்று சொல்கிறார். கனத்த இழுப்பின்போது இரண்டு மூன்று பாட்டுகளை மாற்றி மாற்றிப் பாடிப் பார்த்தும் பாரம் அசையாதாம். பிறகு யாரோ எடுக்கும் இன்னொரு பாட்டு அந்த நேரத்து மனநிலைக்கு ஒத்துவிடும். பாரம் ஒரே மூச்சில் மேலே போய்விடும். அதே ஆட்கள், அதே கயிறு. மாறியது பாட்டு மட்டும். படித்ததும், பாட்டுத் தேர்வு என்பது மேடைக்காக நாங்கள் கண்டுபிடித்த வேலை என்ற எண்ணம் போய்விட்டது. கப்பலிலும் ஒருவர் தளத்தில் நின்று, களைத்த முகங்களைப் பார்த்து, இவர்களுக்கு இப்போது எது என்று யோசித்திருக்கிறார். தவறாக எடுத்தால் உடனே தெரிந்திருக்கும்.

இங்கே என் ஊரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இலங்கையின் வடமராட்சி கிழக்குக் கரையில் கரைவலை இழுக்கும்போது பாடுவதை அம்பா என்போம். கடலில் அரைவட்டமாக வளைத்து விட்ட வலையின் இரு கயிறுகளையும் இரண்டு வரிசை ஆட்கள் மணலில் நின்று இழுப்பார்கள். ஒருவர் அடி எடுக்க, மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கிக்கொள்வார்கள். இழுப்பை நடத்தும் மண்டாடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வலையின் மடி கிட்ட வர வரப் பாட்டும் வேகம் பிடிக்கும். என் பெரியப்பா அடி எடுப்பவர். ஏழெட்டு வயதில் அவரிடம் கேட்டேன், ஏன் பெரியப்பா இழுக்கேக்க பாடுறியள் என்று. "பாடாட்டி வலை வராது பிள்ளை. கையெல்லாம் தனித்தனியாப் போயிடும்" என்றார். எத்தனையோ இசை வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். தாளத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கேட்டதில்லை. ஆனால் ஹார்மனி கற்ற கையோடு ஷாண்டித் தாளைப் பார்த்தபோது இது நினைவுக்கு வரவில்லை. கப்பலில் இருந்த ஒரு முதியவர் சொல்லித்தான் வந்தது.

எங்கள் கைக்கு வரும் ஷாண்டிகள் எந்த வழியாக வந்தன என்று பார்த்தேன். பிரிஸ்டல் கால்வாயின் கரையில் வாட்செட் என்றொரு சின்னத் துறைமுகம் இருக்கிறது. அங்கே ஜான் ஷார்ட் என்பவரின் சிலையைக் காணலாம். 1839இல் பிறந்தவர், ஊரார் வைத்த பெயர் யாங்கி ஜாக். கடலிலிருந்து திரும்பிய பின் ஊருக்கு அறிவிப்புச் சொல்பவராகவும் இருந்திருக்கிறார். 1914இல் நாட்டுப்பாட்டுகளைத் தொகுத்த செசில் ஷார்ப் அவரிடம் வந்து பாட்டுகளைக் குறித்துக்கொண்டார். ஷார்ப் அதே ஆண்டு வெளியிட்ட தொகுப்பின் 60 பாட்டுகளில் 40க்கும் மேற்பட்டவை இந்த ஒரு மனிதரின் தொண்டையிலிருந்து வந்தவை. அப்போது அவருக்கு வயது 75. அடுத்து ரிச்சர்ட் டெரி, வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தின் இசைக்குப் பொறுப்பாக இருந்தவர், 1921இலும் 1926இலும் தன் தொகுப்பை இரண்டு பாகமாக வெளியிட்டார். பியானோத் துணையோடு அச்சான அந்தப் பக்கங்கள் வழியாகத்தான் ஷாண்டி பள்ளிக்கூடத்துக்கும் கச்சேரி மேடைக்கும் வந்தது. அமெரிக்காவில் ஜோன்னா கோல்கார்ட் 1924இல் தன் தொகுப்பைக் கொண்டுவந்தார். கப்பல் தலைவரான தகப்பனின் கப்பலிலேயே, நடுக்கடலில் பிறந்த பெண் அவர். ஆண்களின் பாட்டை ஆல்ட்டோ வரிசையில் நின்று பாடும் எனக்கு அந்தப் பெயர் ஒரு துணை. கடைசியாக ஸ்டான் ஹியூகில். 1929இல் கேப் வெர்டே அருகே மோதி உடைந்த கார்த்பூல் என்ற பாய்க்கப்பலில் வேலை செய்தவர். உண்மையான வேலைக்காக உண்மையான கயிற்றுமுன் நின்று பாடிய கடைசித் தலைமுறை. 1961இல் வந்த அவருடைய பெரும் தொகுப்பில் ஒவ்வொரு பாட்டுக்கும் அது எந்த வேலைக்குரியது என்று எழுதியிருக்கிறார். எங்களுக்குத் தேவைப்பட்டது அந்தக் குறிப்புத்தான்.

இந்த வழியில் நிறையக் கழுவப்பட்டிருக்கிறது. மாலுமிகள் பாடிய பல வரிகளை அச்சேற்ற முடியாது என்று தொகுத்தவர்களே சொன்னார்கள். ஹியூகிலும் பலதை மாற்றித்தான் எழுதினார். இதற்காக நான் அதிகம் வருந்தவில்லை. ஷாண்டியில் சொற்கள் எப்போதும் இடம் மாறிக்கொண்டே இருந்தவை. ஷாண்டிக்காரர் ஒரு பாட்டின் அடியை இன்னொன்றில் சொருகுவார். பாரம் மீதமிருந்தால் புதிதாகக் கட்டுவார். எதிரே தென்படும் சமையல்காரனையோ துறைமுகத்தையோ உள்ளே இழுத்துப் போடுவார். பிள்ளைகள் கேட்கும் மேடைக்கு நாங்களும் இரண்டு அடி புதிதாகக் கட்டினால் அது அந்த மரபுக்குள்தான் நடக்கிறது. ஆனால் வேறொரு கழுவல் உண்டு. அதை அப்படி விட முடியவில்லை.

அமெரிக்காவின் தெற்கே மொபைல், நியூ ஆர்லியன்ஸ் துறைமுகங்களில் பஞ்சுப் பொதி ஏற்றும் வேலை. கப்பலின் வயிற்றில் பொதிகளை அடுக்கிய பிறகும், திருகு கருவிகளால் நெருக்கி நெருக்கி மேலும் பொதிகளைச் செருகுவார்கள். காற்றில்லாத இருட்டில், ஒரு திருகுக்கு ஒரு முனகல் என்று, பாடிக்கொண்டே செய்யும் வேலை. அங்கே பாடிய கறுப்பினத் தொழிலாளரிடமிருந்து, பனிக்காலத்தில் அதே வேலைக்கு வந்த வெள்ளை மாலுமிகள் பாட்டுகளை எடுத்துக்கொண்டு கடலேறினார்கள். ஒருவர் அழைக்க எல்லோரும் ஏற்கும் வடிவமே பெருமளவுக்கு அடிமைத் தோட்டங்களிலும், கரீபியன் தீவுகளின் படகுகளிலும், தெற்கத்தித் துறைமுகங்களிலும் பழுத்தது. ஹியூகில் தனக்கு ஏராளமாகக் கற்றுக்கொடுத்தவர் என்று பார்படோஸைச் சேர்ந்த ஹார்டிங் என்ற கறுப்பின ஷாண்டிக்காரரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். இன்று ஷாண்டி என்றதும் நம் கண்முன் வருவது கம்பளிச் சட்டை போட்ட, நரைத்த தாடி வைத்த கார்னிஷ் மீனவர். அந்த மீனவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் படத்தில் அவர் மட்டும் இருப்பது சரியில்லை.

இந்த இடத்தில்தான் 'ஷாலோ ப்ரவுன்' வந்தது. டார்ட்மத் ஊரில் ஜான் பெரிங் என்ற பழைய மாலுமியிடம் 1908இல் இசையமைப்பாளர் பெர்சி கிரெய்ஞ்சர் கேட்டு எழுதிய பாட்டு. கப்பல் புறப்படும்போது துறைமுகத்தில் நிற்கும் பெண் பாடுவதாக பெரிங் அவரிடம் சொல்லியிருக்கிறார். கிரெய்ஞ்சர் அதைத் தனிக்குரலுக்கும் கூட்டுக்குரலுக்கும், அலைபோல நடுங்கும் தந்திக் கருவிகளுக்கும் எழுதினார். கேட்டவர்களால் மறக்க முடியாத ஒன்று. அதே பாட்டின் வேறு வடிவங்களில், எசமான் தன்னை யாங்கிக்காரனுக்கு விற்கப் போகிறான் என்று ஒரு மனிதன் சொல்கிறான். பிரிவு என்று நாம் கேட்பது அங்கே விற்பனை.

நாங்கள் பாடப்போவது பிரிஸ்டல் துறைமுகத்தில். 18ஆம் நூற்றாண்டில் அடிமை வியாபாரத்தில் கொழுத்த துறைமுகம். 2020 ஜூன் 7ஆம் தேதி அடிமை வியாபாரி எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலையைக் கயிறு கட்டி இழுத்து, தெரு வழியாக உருட்டிக்கொண்டு வந்து, இதே தண்ணீரில் தள்ளினார்கள். தள்ளிய இடத்துக்கு அருகிலிருக்கும் பாலத்துக்குப் பெரோ என்று பெயர். ஒரு பிரிஸ்டல் வணிகர் அடிமையாகக் கொண்டுவந்த மனிதரின் பெயர் அது. இந்தக் கரையில் 'ஷாலோ ப்ரவுன்' பாடுவதா வேண்டாமா என்று மூன்று பேரும் ஒரு முழு மாலை பேசினோம். வேண்டாம் என்றவருக்கு வலுவான காரணம் இருந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களின் கையில் ஐஸ்கிரீம் இருக்கும். அதன் நடுவே இதை எப்படி வைப்பது? எனக்கு எதிர்ப்பக்கம்தான் சரியென்று பட்டது. இதை விட்டுவிட்டு மற்ற ஐந்தையும் பாடினால், உழைத்தவர்களின் தாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவர்களுக்கு நடந்ததைக் கரையில் விட்டுப் போகிறோம். கடைசியில் எடுப்பது என்று முடிவானது. எட்டுக் குரல் பிரிப்பு வேண்டாம். ஒருவர் அழைக்க, மற்றவர்கள் ஒரே சுரத்தில், அடக்கி. பாடுவதற்கு முன் அது யாருடைய பாட்டு என்று இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டும். அந்த இரண்டு வாக்கியத்தை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது.

ஒற்றைச் சுரம்தான் அசல், குரல் பிரித்துப் பாடுவது மேடைக்காரர்களின் ஒப்பனை என்ற முடிவுக்கு இதற்குள் நான் வந்திருந்தேன். அதை உடைத்தது மென்ஹேடன் மீனவர்களின் ஒலிப்பதிவு. வட கரோலினாவின் பியூஃபோர்ட் கரையில், எண்ணெய் மீனான மென்ஹேடனைப் பெருவலையால் வளைத்துப் பிடித்த கறுப்பினத் தொழிலாளர் அவர்கள். வலை நிறைந்தால் கையால் தூக்க முடியாத கனம். முதலில் பாட்டு, பாட்டு முடிந்ததும் இழுப்பு; மறுபடி பாட்டு. அந்தப் பாட்டில் குரல்கள் தாமாகவே பிரிகின்றன. ஒருவர் மேலே போக, ஒருவர் அடியில் நிற்க, தேவாலயத்தில் பாடிப் பழகிய காதுகள் ஒன்றுக்கொன்று இடம் விட்டு நிரப்புகின்றன. யாரும் எழுதிக் கொடுத்த ஹார்மனி இல்லை. 1950களில் வலையைத் தூக்க நீரழுத்த இயந்திரம் வந்தது. பாட்டு நின்றது. ஓய்வுபெற்ற அந்த மனிதர்கள் 1980களின் கடைசியில் மறுபடி ஒன்றுகூடிப் பாடினார்கள். நியூ யார்க்கின் கார்னெகி ஹாலிலும் பாடினார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்திலும் இப்போது பல கரைவலைகளை உழவு இயந்திரத்தில் பூட்டிய சுழல் இழுக்கிறது. அதற்கு முன் பாய்க்கப்பலின் கயிற்றை நீராவி வின்ச் வாங்கிக்கொண்டது. உடம்பு நோகாமல் போனதற்கு நான் வருந்த மாட்டேன். இழுத்தவர்களின் உள்ளங்கையைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

அவர்களைக் கேட்ட பிறகு குரல் பிரிப்பதை மறுபடி ஏற்றுக்கொண்டேன். பட்டியலில் 'சவுத் ஆஸ்திரேலியா'வை அப்படி வைத்தோம். பிரிந்த குரல்களும் ஒரே இடத்தில் சாய வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

'வெல்லர்மேன்' இல்லாமல் விடுவார்களா? குழுவில் பாதிப் பேர் முதல் நாளே கேட்டுவிட்டார்கள். கறாராகப் பார்த்தால் அது ஷாண்டியே இல்லை. நியூசிலாந்தின் திமிங்கில வேட்டைக் கதைப்பாட்டு. எந்தக் கயிற்றையும் இழுப்பதற்கு உண்டானதல்ல. 1831இல் ஒடாகோவில் வேட்டை நிலையம் வைத்த சிட்னியைச் சேர்ந்த வெல்லர் சகோதரர்களின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர்களுடைய சரக்குக் கப்பல் வருமா என்ற காத்திருப்புத்தான் பாட்டு. முதலில் நான் எதிர்த்தேன். பிறகு 2021 ஜனவரி நினைவுக்கு வந்தது. தொற்றுக் காலம். சேர்ந்து பாடுவதே ஆபத்து என்று எங்கள் ஒத்திகை மண்டபம் பூட்டிக்கிடந்தது. அந்த நேரத்தில்தான் நேதன் எவன்ஸ் என்ற ஸ்காட்லாந்துத் தபால்காரர் தனியாகப் பாடிப் போட்ட இந்தப் பாட்டின்மேல் முகம் தெரியாத ஒவ்வொருவரும் தங்கள் அறையிலிருந்து ஒரு குரலைச் சேர்த்தார்கள். பேஸ், டெனர், வயலின் என்று அடுக்கடுக்காக ஏறியது. நான் அதைக் கைப்பேசியில் போட்டுவிட்டுச் சமையலறையில் நின்று ஆல்ட்டோ பாடினேன். யாருக்கும் கேட்காது என்று தெரிந்தும் பாடினேன். அந்த மாதம் முழுக்க நான் வேறு யாரோடும் பாடவில்லை. 'வெல்லர்மேன்' பட்டியலில் ஏறியது.

அடுத்து 'லீவ் ஹர் ஜானி'. பயணம் முடிந்து, கப்பலைக் கரையில் கட்டி, கடைசியாக ஒருமுறை பம்பை அடிக்கும்போது பாடுவது. மாதக்கணக்கில் அடக்கிவைத்த குறையெல்லாம் அதில் வெளியே வரும்: புழுத்த பிஸ்கட், தூங்கவிடாத மேற்பார்வையாளன், ஒழுகும் கப்பல். சாதாரண நாளில் வாயைத் திறந்திருந்தால் தண்டனை. பாட்டில் வைத்தால் கேட்டும் கேட்காததுபோல இருக்க வேண்டும் என்பது கப்பல் வழக்கம். அம்பாவிலும் அப்படித்தான். வலை முதலாளியான சம்மாட்டி கணக்கில் குறைத்ததை மணலில் நின்று பேச முடியாதவர்கள் ஏலேலோவுக்கு நடுவே பேசினார்கள். இதைக் கடைசிப் பாட்டாக வைப்பது பற்றி எங்களுக்குள் வாக்குவாதமே வரவில்லை.

ஒத்திகைக்குத் திரும்பினோம். சொல்லி விளக்கிப் பார்த்தோம், சரிவரவில்லை. அழுத்தம் என்று சொன்னால் சத்தம்தான் கூடியது. அடுத்த வாரம் பேஸ் வரிசை முதியவர் தோளில் ஒரு மணிலாக் கயிற்றுச் சுருளோடு வந்தார். கட்டைவிரல் கனம், நாரெல்லாம் சிலிர்த்து நின்றது. நாற்காலிகளை ஓரம் தள்ளினோம். ஏழு பேர் ஒரு முனையைப் பிடித்துப் பாரமாக நின்றார்கள். மற்றவர்கள் மறுமுனையில். இயக்குநர் சுரப்பிரதியை மூடிவைத்துவிட்டு வரிசையின் நடுவில் போய் நின்றார். டெனர் வரிசைப் பையன் ஒருவன் 'ஹால் அவே ஜோ'வை எடுத்தான். முதல் இழுப்பில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்தில் இழுத்து, கயிறு பாம்புபோல நெளிந்தது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது தடவை, எல்லோரும் மூச்சை ஒரே இடத்தில் வாங்கியிருக்க வேண்டும். அழுத்தம் விழுந்த சொல்லில் கயிறு விறைத்து, எதிரே நின்ற ஏழு பேரும் இரண்டடி முன்னே வந்தார்கள். அந்தச் சொல் அதுவரை எங்கள் வாயில் அப்படி வந்ததில்லை. உயிரெழுத்தை யாரும் நீட்டவில்லை. உடம்பே வெட்டி நிறுத்தியது. முன்னால் நின்ற சொப்ரானோப் பெண்மணி உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். சிவந்திருந்தது. இன்னொருமுறை என்றார்.

அரை மணிநேரம் இழுத்த பிறகு கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு வெறுமனே நின்று பாடினோம். எல்லோருடைய இடுப்பும் அந்தச் சொல்லில் இலேசாகப் பின்னே போனது. முடிவையும் மாற்றினோம். கடைசி நீட்டல் இல்லை. முதியவர் கையை உயர்த்தி நிறுத்தென்று கத்துவார். அந்தச் சொல்லிலேயே நிற்க வேண்டும். எங்கே கத்துவார் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்.

எண்ணிப் பார்த்தால் பாட்டு ஆறும் சேர்ந்துவிட்டது. ஆனால் 'பேடி டாயில்' முழுதாக ஒரு நிமிடம்கூட வராததால் நேரம் மீதம் இருந்தது. உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்றைச் சேர்க்கலாமே என்றார் இயக்குநர். எனக்குத் தயக்கம். அம்பாவின் அடிகள் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஏலேலோ மட்டும் முழுசாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு அழைத்தேன். பெரியப்பாவுக்கு எண்பத்தாறு வயது. மகள்தான் தொலைபேசியை அவர் காதில் வைத்தாள்.

"பெரியப்பா, வலை இழுக்கேக்க பாடுற அம்பாவை ஒருக்காப் பாடிக் காட்டுவியளோ?"

"இப்பவோ?"

"ஓம். நான் பதிஞ்சு வைக்கப் போறன்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னார்: "வெறுங்கையோட என்னெண்டு பிள்ளை பாடுறது? அடி வராது. கயிறு வேணுமெல்லோ."

நான் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். மகள் தொலைபேசியை வாங்கி, "அக்கா, கொஞ்சம் பொறுங்கோ" என்றாள். ஏதோ நகர்த்தும் ஓசை. "முன்னால ஒரு கதிரையை வைச்சிருக்கிறன். அதைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறார்."

முதல் அடி தடுமாறி வந்தது. இரண்டாவது நேராக. மூன்றாவதில் குரல் என் சின்ன வயதின் உயரத்துக்குப் போனது. ஏலேலோ வரும் இடத்தில் மகளும் சேர்ந்துகொண்டாள். நானும் இங்கிருந்து சேர்ந்தேன். ஒவ்வொரு ஏலேலோவிலும் சிமெந்துத் தரையில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.